பெயர் சொன்னால் திரும்பாத குழந்தை

அடுப்படியில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்டால் கூடத்திலிருந்து ஓடி வருகிறான். தெருமுனையில் ஐஸ் வண்டி மணி அடித்தால் வாசலுக்குப் பாய்கிறான். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. அம்மா கூப்பிட்டாலும் இல்லை, அப்பா கூப்பிட்டாலும் இல்லை. காது கேட்கிறதா, கேட்கவில்லையா?

இரண்டு வயது தாண்டியும் பேச்சு வராத குழந்தை இருக்கிற வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. ஆளுக்கொரு பதிலும் கிடைக்கும். "ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் பேசும். அவங்கப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்பார் பாட்டி. "செல்போனக் குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், சளிக்கும் காய்ச்சலுக்கும் நிற்கிற வரிசைக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். "இன்னும் ஆறு மாசம் பார்ப்போம்மா" என்ற பதிலோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் பொது மருத்துவர் எதைப் பார்த்திருக்க வேண்டும்? அதை அவருக்கு யார், எங்கிருந்து கற்றுக்கொடுப்பது?

காது நன்றாகத்தான் கேட்கிறது

பாக்கெட் சத்தம் ஒரு பொருளைப் பற்றிய தகவல். பெயர் அப்படியல்ல, இன்னொரு ஆள் 'என்னைப் பார்' என்று விடுக்கும் அழைப்பு. பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்குள் இந்த அழைப்புக்குத் திரும்பப் பழகிவிடுகின்றன. அதையொட்டி இன்னொரு பழக்கமும் வருகிறது. வயலில் கொக்கு இறங்குவதைப் பார்த்ததும் குழந்தை விரலை நீட்டும். உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கும். மறுபடி கொக்கைப் பார்க்கும். கொக்கு அதற்கு வேண்டாம். தான் கண்டதை அம்மாவும் காண வேண்டும், அவ்வளவுதான்.

இருவர் பார்வையும் ஒரே பொருளில் வந்து சேரும் இதைக் கூட்டுக் கவனம் என்று சொல்லலாம். பேச்சு இதைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறது. அம்மா "கொக்கு" என்று சொல்லும் நொடியில் குழந்தையின் கண்ணும் கொக்கின்மேல் இருந்தால்தானே அந்தச் சொல் மனதில் பதியும்?

மதியிறுக்கம் என்றும் தமிழில் எழுதப்படும் ஆட்டிசத்தில் இந்தப் பழக்கங்கள் தாமதமாகவோ வேறு விதமாகவோ அமைகின்றன. கூடவே, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, சில ஒலிகளும் துணிகளும் உணவுகளும் தாங்க முடியாமல் போவது போன்றவையும் இருக்கும். மூளை வளர்ச்சியின் போக்கிலேயே ஏற்படும் வேறுபாடு இது. மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. உலக அளவில் ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

வளர்ப்பு சரியில்லாததால் இது வருவதில்லை. லியோ கேனர் 1943இல் ஆட்டிசத்தை முதன்முதலாக விரிவாக எழுதினார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் மேற்கத்திய மருத்துவர்களே தாய்மாரின் பாசக் குறைவைக் காரணம் காட்டினார்கள். அந்தக் கருத்து பொய்யென்று எப்போதோ நிரூபணமாகிவிட்டது. ஆனாலும் நம் ஊர்த் திண்ணைகளில் அது செல்போன் வடிவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பேசாத பிள்ளையைப் பெற்ற தாய், குற்றவாளிக் கூண்டிலும் நிற்க வேண்டியிருப்பது பெரிய கொடுமை.

கேள்வித்தாள் போதாதா?

இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஆட்டிசம் தெரியாது. குழந்தையைப் பார்த்து, பெற்றோரிடம் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு உலகெங்கும் பயன்படும் ஒரு கேள்வித்தாள் எம்-சாட். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு உரியது, 20 கேள்விகள், பதில் ஆம் அல்லது இல்லை. பெற்றோரே சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். அப்படியிருக்க, மருத்துவருக்குத் தனிப் பயிற்சி எதற்கு?

இலங்கையில் கிடைத்த அனுபவம் இதற்குப் பதில் சொல்கிறது. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடைய குழுவினரும் ஒரு சிறுநகரப் பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையிலான குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். 93 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. ஆட்டிசம் இருந்த குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கை மட்டுமே எம்-சாட் பிடித்தது. மற்றவர்கள் அந்தச் சல்லடையில் நழுவிப் போனார்கள். இந்த அனுபவத்துக்குப் பிறகு, படங்களைக் காட்டிக் கேட்கும் ஒரு மதிப்பீட்டு முறையை அந்தக் குழு உருவாக்கியது.

தாய்மார் பொய் சொல்வதில்லை. "விரல் நீட்டிக் காட்டுவானா?" என்று கேட்டால், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய் டப்பாவின்மேல் வைப்பதையும் அவர் 'ஆம்' கணக்கில் சேர்த்துவிடுவார். அந்த ஆமுக்குள் என்ன இருக்கிறது என்று துருவிக் கேட்க, பல குழந்தைகளைப் பார்த்துப் பழகிய ஒருவர் வேண்டும். நெற்பயிர் மஞ்சளித்தால் அது துத்தநாகக் குறையா, பூச்சியா, தண்ணீர் தேங்கியதா என்று முதிர்ந்த விவசாயி வரப்பில் நின்றே சொல்வார். புத்தகத்தை மட்டும் படித்தவர் தடுமாறுவார். பழகிய அந்தக் கண்தான் இங்கே பற்றாக்குறை.

முப்பது கிலோமீட்டர், முன்னூறு கிலோமீட்டர்

திருவாரூர் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள திருத்துறைப்பூண்டியை எடுத்துக்கொள்வோம். பிறவி மருந்தீசர் கோயிலால் பலருக்கும், அருகிலுள்ள ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய பாரம்பரிய நெல் திருவிழாவால் விவசாயிகளுக்கும் தெரிந்த ஊர். நகரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. மாவட்டத் தலைநகரான திருவாரூர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி அங்கே 2010இல் தொடங்கியது. குழந்தை மனநல நிபுணர்களும் வளர்ச்சி நிலை நிபுணர்களும் பெரும்பாலும் இருக்கும் சென்னையோ 300 கிலோமீட்டருக்கு மேல்.

காகிதத்தில் ஏற்பாடு உண்டு. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். சந்தேகம் எழும் குழந்தையை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். வளர்ச்சித் தாமதங்களும் அந்தத் திட்டத்தின் பட்டியலில் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று.

ஆனால் நடவுக் காலத்தில் குழந்தையோடு திருவாரூர் போய்வருவது ஒரு நாள் கூலி. பேச்சுப் பயிற்சிக்கு வாரா வாரம் போக வேண்டுமென்றால் அந்த வேலையையே விட வேண்டியதுதான். சென்னைப் பயணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குடும்பம் நம்பிப் போகக்கூடிய முதல் மருத்துவர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் இருக்கிறார். அவர் எம்.பி.பி.எஸ். படித்தபோது ஆட்டிசம் பற்றி ஒன்றிரண்டு வகுப்பு கேட்டிருப்பார். ஆட்டிசம் உள்ள இரண்டு வயதுக் குழந்தையோடு அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்திருக்க அவருக்கு வாய்ப்பு கிடைத்திருக்காது.

நியூ மெக்சிகோவில் ஒரு காத்திருப்புப் பட்டியல்

இதே சிக்கலை வேறொரு நோயில் சந்தித்தவர் சஞ்சீவ் அரோரா. இந்தியாவிலிருந்து போய் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பணிபுரிந்த கல்லீரல் நிபுணர். பரந்த, வறண்ட, ஆள் குறைந்த மாநிலம் அது. ஹெபடைட்டிஸ் சி தொற்று சுமார் 28,000 பேருக்கு இருப்பதாக மதிப்பிடப்பட்டது. சிகிச்சை பெற்றவர்கள் மிகச் சிலர். அவருடைய மருத்துவமனையில் இடம் கிடைக்க எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

2003இல் அவர் தொடங்கிய ஏற்பாட்டுக்கு எக்கோ என்று பெயர். வாரத்துக்கு ஒருமுறை, ஊர்ப்புற மருத்துவர்கள் தத்தம் ஊரிலிருந்தே காணொளியில் கூடுவார்கள். ஒருவர் தன் நோயாளியைப் பற்றிப் பெயர் சொல்லாமல் விவரிப்பார். நிபுணர் குழு கேள்வி கேட்கும், மற்ற ஊர் மருத்துவர்களும் கேட்பார்கள், யோசனை சொல்வார்கள். நோயாளியைத் தொடர்ந்து பார்ப்பவர் ஊர் மருத்துவர்தான்.

காணொளி மருத்துவம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காவிரி டெல்டாவை அடுத்த புதுக்கோட்டையில் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010இலேயே ஒரு பேருந்தில் திரை பொருத்தி, கிராமத்து மனநோயாளிகளைச் சென்னை மருத்துவர்களிடம் பேச வைத்தது. அங்கே நிபுணர் நோயாளியைப் பார்க்கிறார். அரோராவின் முறையில் நிபுணர் பார்ப்பது மருத்துவரை. இதைத் தொலைவழிகாட்டல் எனலாம். முன்னதில் நிபுணரின் ஒரு மணி நேரம் சில நோயாளிகளோடு முடிந்துவிடும். பின்னதில் அதே ஒரு மணி நேரம் இருபது மருத்துவர்களிடம் போய், அவர்கள் வழியாக மறுநாளும் மறுவாரமும் வேலை செய்யும்.

பலன் இருந்ததா? 407 நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளியானது. பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேருக்கு வைரஸ் நீங்கியிருந்தது. ஊர்ப்புற மருத்துவர்களிடமும் சிறைச்சாலை மருத்துவர்களிடமும் சிகிச்சை பெற்றவர்களில் 58.2 சதவீதம். நிபுணருக்கு இணையான பலன். அதன்பின் எக்கோ முறை பல நோய்களுக்கும் நாடுகளுக்கும் பரவியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014இல் இதைக் கையில் எடுத்து, போதைப் பழக்கம், மனநலம் ஆகியவற்றில் மருத்துவர்களுக்கு வழிகாட்டத் தொடங்கியது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவர் கிறிஸ்டின் சோல் 2015இல் ஆட்டிசத்துக்கென்றே ஒரு எக்கோவைத் தொடங்கினார். அந்தக் குழுவில் குழந்தை மருத்துவர், உளவியலாளர், உணவியலாளர் ஆகியோருடன் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாயோ தந்தையோ ஒருவரும் நிபுணராகவே உட்கார்ந்திருப்பார். எந்த அறிவுரை வீட்டில் நடக்கும், எது நடக்காது என்பதை அவரளவுக்கு வேறு யாரால் சொல்ல முடியும்?

ஒரு மதியம், ஒரு குழந்தை

திருத்துறைப்பூண்டி வட்டாரத்துக்கு இப்படி ஓர் அமர்வு நடப்பதாகக் கற்பனை செய்வோம். வெளிநோயாளிகள் போன பிறகு, மதியம் இரண்டரை மணி. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவர் தன் குழந்தையை, அதாவது தன்னிடம் வந்த குழந்தையை, விவரிக்கிறார்.

"ஆண் குழந்தை, 26 மாசம். சுகப்பிரசவம். நடந்தது சரியான வயசுல. 'தண்ணி'ன்னு ஒரு வார்த்தை முன்னாடி சொல்லிட்டிருந்தான், இப்ப அதுவும் இல்ல. எம்-சாட்ல அஞ்சு வந்திருக்கு மேடம்."

அந்தக் கேள்வித்தாளில் இரண்டு வரை சந்தேகம் குறைவு. எட்டும் அதற்கு மேலும் வந்தால் நேரே நிபுணரிடம் அனுப்ப வேண்டும். மூன்று முதல் ஏழு வரை வந்தால், சறுக்கிய கேள்விகளை மட்டும் எடுத்து விரிவாக மறுபடி கேட்க வேண்டும். திரையில் இருக்கும் குழந்தை நிபுணர் ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுக்கிறார்.

முதலாவது: காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது தோன்றியதா? தோன்றியது. பெயருக்குத் திரும்புவதில்லை; இது இரண்டாவது. மூன்றாவது, அன்றாடச் சத்தங்களுக்கு மிரள்வது. "எந்தெந்தச் சத்தம்னு கேட்டீங்களா டாக்டர்?" கேட்டிருக்கிறார்: குக்கர் விசில் மட்டும்தான். மிக்சி, மோட்டார், கோயில் மேளம் எதற்கும் கவலையில்லை. ஒரே ஒரு சத்தம் என்பதால் அந்த மதிப்பெண் கழிகிறது. நான்காவது, பிறர் செய்வதைப் பார்த்துச் செய்வதில்லை. ஆனால் தாத்தா கைதட்டினால் தட்டுகிறான், டாட்டா காட்டுகிறான். அதுவும் கழிகிறது. ஐந்தாவது, சுவாரசியமானதைச் சுட்டிக் காட்டுவதில்லை.

"வேணுங்கறதைக் கேக்க விரல் நீட்டுறானா?"

"நீட்டுறான்னு அம்மா சொன்னாங்க மேடம்."

"நீங்க பாத்தீங்களா? அடுத்த தடவை அவனுக்குப் பிடிச்சதை எட்டாத உயரத்துல வச்சுட்டுச் சும்மா இருங்க. விரலை நீட்டுறானா, அம்மா கையை இழுக்கிறானா, உங்க முகத்தைப் பாக்கிறானா... மூணையும் பாருங்க."

ஐந்து இப்போது மூன்றாகிவிட்டது. மறுகேள்விக்குப் பிறகும் இரண்டோ அதற்கு மேலோ நின்றால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. 'ஆறு மாசம் பார்ப்போம்' என்ற பதிலுக்கு இனி இடமில்லை.

அடுத்து, மற்ற ஊர்களின் கேள்விகள். வலிப்பு வந்ததுண்டா என்கிறார் ஒருவர். ஆட்டிசமும் வலிப்பும் பல குழந்தைகளில் சேர்ந்தே வரும். தூக்கம் எப்படி, மலச்சிக்கல் உண்டா, மண் தின்கிறானா என்கிறார் இன்னொருவர். இரவு ஒரு மணிவரை விழித்திருக்கிறான், வெறும் ரசம் சாதமும் பிஸ்கட்டும்தான் சாப்பிடுகிறான், ஹீமோகுளோபின் குறைவு. இங்கேதான் பொது மருத்துவர் நிமிர்ந்து உட்கார்கிறார். ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்ற மருந்து கிடையாது. ஆனால் இரத்த சோகையும் மலச்சிக்கலும் தூக்கக் கேடும் அவருக்கு நன்கு தெரிந்த தொழில். அவை சரியானாலே குழந்தையின் அழுகையும் அடமும் குறையலாம், எந்தப் பயிற்சிக்கும் அவன் இணங்கலாம்.

"ஒன்றரை வயசு ஊசி போட்டப்புறம்தான் பேச்சு நின்னுச்சுன்னு அப்பா சொல்றாரு. என்ன பதில் சொல்றது?" தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998இல் எழுதிய கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளை ஆராய்ந்தும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகள் கண்ணில் படும் வயதும் அந்த ஊசியின் வயதும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. இதை அந்த அப்பாவிடம் குரல் உயர்த்தாமல் சொல்ல வேண்டும் என்பதும் பாடத்தில் சேர்த்திதான்.

அமர்வின் முடிவில் மருத்துவரிடம் ஒரு திட்டம் இருக்கிறது. செவித்திறன் சோதனைக்கும் இடையீட்டு மையத்துக்கும் திருவாரூருக்குச் சீட்டு, இரண்டும் ஒரே நாளில். இரும்புச்சத்து மருந்து. முடிவு வரும்வரை காத்திராமல் இன்றே வீட்டில் தொடங்கச் சில வழிகள்: குழந்தையின் கண்மட்டத்துக்குத் தரையில் உட்கார்வது, அவன் பார்ப்பதையே பார்த்து அதன் பெயரைச் சொல்வது, கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுக்காமல் சில நொடி பொறுப்பது. "உங்க மேல தப்பு இல்லம்மா" என்ற வார்த்தையை அம்மாவிடம், முடிந்தால் மாமியார் காதில் விழும்படி, சொல்வது. அடுத்த அமர்வில் இதே குழந்தையைப் பற்றி மறுபடி பேச்சு வரும்.

மருத்துவர் மாறினார், பதிவேடு மாறவில்லை

இவ்வளவு சொன்ன பிறகு, உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கும் ஒரு முடிவையும் சொல்லியாக வேண்டும். ஆட்டிசம் எக்கோவைப் பற்றிய பெரிய சோதனை அமெரிக்காவிலும் கனடாவிலும் 10 மையங்களில் நடந்தது. முதல்நிலை மருத்துவச் சேவையில் இருந்த 148 பேர் 12 அமர்வுகளில் கலந்துகொண்டார்கள். முடிவு 2020இல் வெளியானது. அவர்களுடைய அறிவும் தன்னம்பிக்கையும் தெளிவாக உயர்ந்திருந்தன. ஆனால் நோயாளிப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, எத்தனை குழந்தைகளைப் பரிசோதித்தார்கள், கூடவரும் உபாதைகளுக்கு எவ்வளவு சிகிச்சை அளித்தார்கள் என்பதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இந்த முடிவை மறைத்துவிட்டு எக்கோவைப் புகழ்வது எளிது. மறைக்காமல் பார்த்தால்தான் டெல்டாவுக்குப் பயன். ஹெபடைட்டிஸ் சியில் மருத்துவர் கற்றுக்கொண்டதும் எழுதிக் கொடுக்க ஒரு மருந்து இருந்தது. ஆட்டிசத்தில் கற்றதைச் செய்ய இருபது நிமிடம் வேண்டும், தரையில் ஒரு பாய் வேண்டும், அனுப்ப ஓர் இடம் வேண்டும். அவை இல்லாதபோது தெரிந்தும் செய்ய முடியாமல் போகும்.

நேரமும் கருவிகளும் தரப்பட்ட இடத்தில் வேறு கதை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பயிற்சி பெற்று, அதற்கென ஒதுக்கிய நேரத்தில், வகுத்த முறைப்படி குழந்தைகளைப் பார்த்த முதல்நிலை மருத்துவர்களின் கணிப்பு, நிபுணர்கள் தனியாகப் பார்த்துச் சொன்ன முடிவோடு 82 சதவீதம் ஒத்துப்போனது. 126 குழந்தைகளை வைத்து நடந்த அந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது.

ஆய்க்குடியும் கோவாவும்

கண்டுபிடித்த பிறகு யார் பார்ப்பது என்பதற்கு நம் பக்கத்திலேயே விடைகள் இருக்கின்றன. தென்காசி அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் நிறுவியது அமர் சேவா சங்கம். கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர் அவர். சங்கத்தின் சமூக மறுவாழ்வுப் பணியாளர்கள் கையில் டேப்லட்டோடு கிராமத்து வீடுகளுக்குப் போகிறார்கள். குழந்தையின் நிலையைச் செயலியில் பதிகிறார்கள். பேச்சுப் பயிற்சியாளரும் இயன்முறை மருத்துவரும் சிறப்பாசிரியரும் அதைப் பார்த்து அடுத்தது என்ன என்று வழிகாட்டுகிறார்கள். நிபுணரின் கண் மருத்துவரை மட்டுமல்ல, பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படித்த ஊர்ப் பெண்ணையும் எட்ட முடியும் என்று அங்கே தெரிகிறது.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் சேர்ந்து நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. 65 குழந்தைகள் பங்கேற்ற அந்த ஆய்வில் பயிற்சி தந்தவர்கள் நிபுணர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள். அம்மாவும் குழந்தையும் விளையாடுவதைச் சில நிமிடம் படம் பிடிப்பார்கள். பிறகு அம்மாவோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். "இதோ, இங்க நிறுத்துங்க. இப்ப அவன் உங்களைப் பாத்தான் பாருங்க." அம்மா அதுவரை கவனிக்காத ஒரு நொடி திரையில் நிற்கும். ஆறு மாதத்தில் 12 அமர்வுகள். பெற்றோர் குழந்தையின் போக்கோடு இசைந்து பேசுவது கூடியது. குழந்தைகள் தாமாகப் பேச்சையோ சைகையையோ தொடங்குவதும் கூடியது. பெற்றோரும் குழந்தையும் ஒரே பொருளில் கவனம் வைத்திருந்த நேரம் மட்டும் கூடவில்லை, குறைந்தது. அது ஏன் என்பதையும் அடுத்து வருகிறவர்கள் ஆராய வேண்டும்.

புதன்கிழமை அரை மணி நேரம்

தமிழ்நாட்டில் கட்டமைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வருகிறது. உலக வங்கிக் கடனோடு 2022இல் தொடங்கிய உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள் அமைக்கப்படுகின்றன. பயிற்சி தரும் இடம் ஊருக்குப் பக்கத்தில் வந்தால், பக்கத்து மருத்துவரின் சீட்டுக்கும் மதிப்பு வரும்.

திருவாரூர் மருத்துவக் கல்லூரியை மையமாக வைத்து, மன்னார்குடி, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி வட்டார மருத்துவர்களை மாதம் இரண்டு மதியம் தமிழிலேயே கூட்டலாம். அந்த நேரம் பணி நேரமாகக் கணக்கில் சேர வேண்டும். சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்து கற்கும் ஏற்பாடு மூன்றாம் மாதமே நின்றுவிடும். கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் அதே திரைக்கு முன் உட்கார வேண்டும். குழந்தையை அதன் வீட்டில், அதன் போக்கில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

பரிசோதிக்க நேரம் எங்கே என்ற கேள்விக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. தட்டம்மை இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் போட 16 முதல் 24 மாதத்துக்குள் எல்லாக் குழந்தையும் வந்தாக வேண்டும். எம்-சாட் கேட்க ஏற்ற வயதும் அதுவே. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். புதன்கிழமைதோறும் அந்த அரை மணி நேரம் பெஞ்சில் சும்மா கழிகிறது. ஒரு செவிலியர் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, ஒரு பந்தையும் பலூனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இருபது கேள்விகளையும் கேட்டு முடித்துவிடலாம். மூன்றோ அதற்கு மேலோ வந்த குழந்தைகளின் பட்டியல் அன்று மாலையே மருத்துவரின் மேசைக்குப் போய்விடும்.